இசைத்தட்டின் நடுவில் ஓர் ஊர்ப்பெயர்

ஆடி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் கோழி கூவுவதற்கு முன்பே மைக் செட் விழித்துக்கொள்ளும். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒருமுறை கரகரக்கும், யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார். அடுத்த நிமிடம் சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் ஊரை எழுப்பிவிடும். முதலில் பிள்ளையார் பாட்டுதான். 'விநாயகனே வினை தீர்ப்பவனே' என்று அது தொடங்காவிட்டால் திருவிழா தொடங்கியதாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத்திறப்பு எதுவானாலும் இதே முறைதான்.

பாடியவர் யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். எழுதியவர் யார் என்று கேட்டால் பெரியவர்களும் விழிப்பார்கள். எழுதியவர் உளுந்தூர்பேட்டை சண்முகம். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாகக் கிழக்கே போனால் வருகிற அதே உளுந்தூர்பேட்டைதான். 2019 நவம்பர் 26 முதல் இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டம். சொந்த மாவட்டத்துக் கவிஞரின் பாட்டைக் கேட்டுத்தான் மாவட்டமே திருவிழாக் காலையில் கண் விழிக்கிறது. அது தெரிந்து விழிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேடினால் இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். லேபிள் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் காகிதத்தில் யார் பெயர் பெரிதாக வந்தது, யார் பெயர் பொடி எழுத்தில் வந்தது, யார் பெயர் வரவே இல்லை என்பதில் தமிழ்நாட்டு இசை வியாபாரத்தின் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

இசைத்தட்டுக் கம்பெனி இந்தியாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது 1902-இல். லண்டனிலிருந்து பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் வந்திறங்கி, கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். மெழுகில் பதிந்த ஒலி கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகும். பாட்டின் மொழியே தெரியாத அங்குள்ள தொழிலாளி எந்தத் தட்டு யாருடையது என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்பார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், தன் பெயரைத் தன் வாயாலேயே தட்டில் பொறித்துக்கொண்ட அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் அச்சுத் தொழிற்சாலை வந்த பிறகு கப்பல் பயணம் நின்றது.

தெற்கே வந்த கம்பெனிக்காரர்கள் முதலில் தேடிப் போனவர்களில் சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் உண்டு. இருவருமே தேவதாசி மரபில் வந்த இசைக்கலைஞர்கள். மரியாதைக்குரிய சங்கீத வித்துவான்கள் பலர் 'குரலை இயந்திரம் உறிஞ்சிவிடும்', 'கண்ட இடத்தில் கண்டவன் கேட்பான்' என்று ஒதுங்கி நின்ற காலத்தில் இந்தப் பெண்கள் துணிந்து பாடினார்கள். தாயியின் தட்டு எங்கெல்லாம் போனது தெரியுமா? 1912 வாக்கில் இந்தியா வந்துபோன மாரிஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் குரலில் மயங்கினார். தாயியின் இசைத்தட்டு ஒன்றை வைத்தே 1914-இல் 'ராகமாலிகா' என்ற உருப்படியை அமைத்தார். கோயம்புத்தூரின் பெயர் பாரிஸ் இசை அரங்குக்குள் நுழைந்தது ஒரு தேவதாசியின் தட்டு மூலமாகத்தான்.

இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா, உளுந்தூர்பேட்டை சண்முகம், கடைசியில் சிலோன் மனோகர். லேபிள்களைச் சேர்த்து வைத்தால் தமிழ்நாட்டு வரைபடமே கிடைத்துவிடும். ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது நாதஸ்வரக்காரர்களும் நாடகக்காரர்களும் கம்பெனிகள் வருவதற்கு முன்பே வைத்திருந்த பழக்கம். கம்பெனிக்கும் அது வசதியாகப் போனது. கோவிந்தராஜன் என்று ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், சீர்காழி கோவிந்தராஜன் ஒருவர்தான். மாவட்டம் பிரியும், சேரும். உளுந்தூர்பேட்டையும் கள்ளக்குறிச்சியும் தென்னார்க்காட்டில் இருந்தன, 1993-இல் விழுப்புரத்துக்குப் போயின, 2019-இல் தனி மாவட்டமாயின. லேபிளில் ஏறிய ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

பழைய தட்டு அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் பாட்டு. கை தவறினால் அப்பளம்தான். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊசி தட்டையே தின்றுவிடும். இருநூறு ஊசி கொண்ட தகர டப்பாக்கள் விற்றதன் காரணம் இதுதான். ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர்கள் மூன்று நிமிடத்துக்குள் தங்களைச் சுருக்கிக்கொள்ளக் கற்றார்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் பாடியவை தட்டாகி ஊர் ஊராகப் போயின. 1930-களின் தொடக்கத்தில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மன் ஓடியன் கம்பெனியோடு கைகோத்துத் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. ஏவி.எம். ஸ்டூடியோவுக்கு விதை அங்கே விழுந்தது.

அரக்குக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. ஏழங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. ஈ.பி. என்று பெயர். எளிதில் உடையாது, எடை இல்லை, விலையும் லாங் பிளே என்ற பெரிய தட்டைவிட மலிவு. சினிமாப் பாட்டுக்கு நிகராகப் பக்திப் பாட்டும் இந்தச் சின்னத் தட்டில் வரத் தொடங்கியது. தமிழ் பக்திப் பாடல் என்று இன்று நாம் சொல்லும் வகை, அதாவது எளிய தமிழ், நாலு நிமிடம், கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, பெருமளவு இந்த ஏழங்குலத் தட்டு வளர்த்த பிள்ளை.

இதற்குப் பின்னால் இன்னொரு வரலாறும் உண்டு. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று அண்ணாமலை அரசர் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தின் வேர் அன்றைய தென்னார்க்காட்டுச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அதன் இசைக் கல்லூரியில் படித்து 'இசைமணி' பட்டம் பெற்று வெளியே வந்தவர்தான் 1933-இல் பிறந்த சீர்காழி கோவிந்தராஜன். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றவர். சபாக்களுக்குள் நடந்த சண்டையின் முடிவு எப்படியும் இருக்கட்டும். தமிழிசையின் உண்மையான வெற்றி வேப்பமரத்துக் குழாயில்தான் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. சபாவில் ஐந்நூறு பேர் கேட்பார்கள். குழாயில் ஊரே கேட்டது, கேட்க விரும்பாதவர்கள் உட்பட.

அந்தக் குரலுக்குச் சொல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சண்முகம். 'விநாயகனே' மட்டுமல்ல, அம்மனைச் சிற்றாடை உடுத்திய சிறுமியாகக் காட்டும் 'சின்னஞ்சிறு பெண்போலே' பாட்டும் அவர் எழுதியதே. இரண்டையும் பாடியவர் சீர்காழி. இந்தப் பாட்டுகளில் புராணப் பெயர்களின் அடுக்கு குறைவு. படிக்காதவருக்கும் புரியும் சொல், மூச்சு வாங்கும் இடத்தில் சரியாக முடியும் அடி, திரும்பத் திரும்ப வரும் எதுகை. மேடைப்பாட்டு இலக்கணம் தெரிந்தவர் எழுதியது என்று ஒருமுறை கேட்டாலே புரியும். கோயில் அர்ச்சகர் முதல் டீக்கடைக்காரர் வரை மனப்பாடமாகச் சொல்வதால், பல பேர் இதைப் பழைய காலத்துத் துதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவருக்கு இது பெருமையா, நட்டமா என்று தீர்ப்புச் சொல்வது கடினம். பாட்டு அவ்வளவு பெரிதாகிவிட்டதால் எழுதியவர் மறைந்துபோனார். லேபிளில் பாடகர் பெயர் தடித்த எழுத்தில், கவிஞர் பெயர் பாட்டுத் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில். ஓடும் தட்டில் எதையும் படிக்க முடியாது. குழாயில் கேட்பவருக்கோ அந்தப் பொடி எழுத்தும் இல்லை.

லேபிள் செய்யும் இந்த வேலை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1972 ஜூனில் ஸ்வீடனின் போலார் கம்பெனி ஒரு சின்னத் தட்டை வெளியிட்டது. பாட்டின் பெயர் 'பீப்பிள் நீட் லவ்'. பாடிய நான்கு பேருக்கும் சேர்த்து அப்போது குழுப்பெயர் கிடையாது. அதனால் பியோன், பென்னி, அக்னெத்தா, அன்னி-ஃப்ரிட் என்று நான்கு பெயரையும் நீட்டி அச்சடித்தார்கள். தட்டு ஸ்வீடன் விற்பனைப் பட்டியலில் 17-ஆவது இடம் வரை போனது, அவ்வளவுதான். அமெரிக்காவில் அதே பாட்டை வெளியிட்ட பிளேபாய் ரெக்கார்ட்ஸ் லேபிளில் ஆண்கள் இருவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பெண்கள் இருவரையும் 'ஸ்வீடன் பெண்' என்று பொருள்படும் இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. அதே நான்கு பேர் தங்கள் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து 'ஆபா' என்று வைத்துக்கொண்டு, 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தார்கள். அதன் பிறகு அந்த நாலெழுத்தை மறைக்க உலகத்தில் ஒரு கம்பெனிக்கும் மனம் வரவில்லை. முதல் தட்டையும் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். பாடினவரையே லேபிளிலிருந்து கழற்றிவிட முடியும் என்றால் எழுதினவர் கதி என்ன? நம் சண்முகத்துக்காவது பொடி எழுத்து மிஞ்சியது.

தட்டு ஊருக்குள் வந்ததும் அதற்கு எஜமானர் மைக் செட்காரர். கிராமபோன் பெட்டி பண்ணையார் வீட்டுப் பொருள். ஊர் மொத்தமும் பாட்டுக் கேட்டது மைக் செட் வந்த பிறகுதான். கிணற்றுப் பம்புசெட்டுக்காக மின்கம்பி வயலுக்குள் நுழைந்த 1960-களில், கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் இந்தப் பக்கத்தில் சவுண்டு சர்வீஸ் ஒரு தொழிலாக வேர் பிடித்தது. மின்சாரம் எட்டாத ஊருக்கு பேட்டரி தூக்கிப் போனார்கள். ஆம்ப்ளிபயர், பிளேயர், இரண்டு அல்லது நான்கு குழாய், ஒயர் சுருள், சீரியல் பல்பு, டியூப் லைட், பிறகு தட்டுகள் அடுக்கிய மரப்பெட்டி. இத்தனையும் மாட்டுவண்டியிலோ சைக்கிள் கேரியரிலோ ஊர் வந்து சேரும். வண்டியைக் கண்டால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். எந்த மரம் உயரம், எந்தப் பக்கம் காற்று, பக்கத்து ஊருக்குக் கேட்குமா என்பதெல்லாம் பார்த்துத்தான் குழாய் கட்டுவார்கள். பக்கத்து ஊருக்குக் கேட்காவிட்டால் விழா எடுத்தவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

மைக் செட்காரர் வைத்த வரிசைக்கு எழுதப்படாத சட்டம் உண்டு. பிள்ளையார் முதல். அடுத்து முருகன், அதில் டி.எம். சௌந்தரராஜன். பிறகு அந்தக் கோயிலின் சாமி. ஆடியென்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகுதான் சினிமா. மதியம் கூழ் ஊற்றி முடிந்து ஊர் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் 'திருவிளையாடல்' வசனத் தட்டு. நாகேஷும் சிவாஜியும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் படுத்திருப்பார்கள். அடுத்து வரும் வசனத்தைத் திண்ணையே ஒப்பிக்கும். நடுவில் தட்டை நிறுத்தி, மொய் எழுதியவர் பெயரையும் காணாமல்போன பிள்ளையின் சட்டை நிறத்தையும் அறிவிப்பார்கள்.

ஈஸ்வரியின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அவருடைய முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தில் அவர் பாடிய 'வாராயென் தோழி' பெண் அழைப்புக்கு என்றே எழுதிய பாட்டுபோல ஆகி, கல்யாண வீட்டுக் குழாயில் நிரந்தரமாகக் குடியேறியது. அடுத்து அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இல்லாமல் தமிழ்நாட்டில் ஓர் ஆடி வெள்ளியும் கழிவதில்லை என்றாகிவிட்டது. பெண்கள் சாமியாடும் வேகத்தை உடுக்கையும் பம்பையும் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு தட்டு வந்து அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொண்டது. மாரியம்மனுக்கு லூர்து மேரியின் குரல் வேண்டியிருந்தது. ஊரும் ஒரு நாளும் இதைக் குறை என்று நினைக்கவில்லை.

அரசியலுக்கும் இதே குழாய்தான். திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டம் என்றால் பேச்சாளர் வருவதற்கு முன்பே நாகூர் ஹனிபாவின் குரல் வந்துவிடும். அண்ணாவின் பெயரைச் சொல்லி மக்களை அழைக்கும் அவருடைய பாட்டைக் கேட்டுத்தான் வயலிலிருந்து ஆட்கள் கரையேறுவார்கள். காலையில் பிள்ளையார் பாட்டு போட்ட அதே மைக் செட்காரர் மாலையில் பகுத்தறிவுக் கூட்டத்துக்கும் செட் போடுவார். வாடகை ஒன்றுதான்.

தமிழில் 'பாப்' என்று சொல்லத்தக்க தட்டு இலங்கையிலிருந்து வந்தது. தமிழும் சிங்களமும் கலந்த 'சுராங்கனி'யை ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பினார். போர்த்துகீசியர் விட்டுப்போன பைலா தாளத்தில் அமைந்த பாட்டு. மாலையில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்த தமிழகத்து வீடுகளுக்கு அந்தத் தாளம் புதியது, ஆடத் தகுந்தது. இலங்கை மனோகரன் இங்கே வந்து 'சிலோன் மனோகர்' ஆனார். 1977-இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் அந்தப் பாட்டு ஏறியது. சாமி ஊர்வலம் முடிந்து இளைஞர்கள் கையில் விழா வந்துசேரும் பின்னிரவு இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு உரியது.

இவ்வளவு தட்டுகள் ஓடிய அதே நிலத்துக்குச் சொந்தமான பெரிய பாட்டு ஒன்று இருந்தது. அது தெருக்கூத்து. தென்னார்க்காடும் வடார்க்காடும்தான் கூத்தின் தாய்வீடு. திரௌபதியம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்கு எடுக்கும் விழாவே அரவான் களப்பலியான பாரதக் கதையின் மேல் நிற்கிறது. தாலி கட்டிக்கொள்ளவும், அறுத்து அழவும் திருநங்கையர் நாடெங்கிலுமிருந்து அங்கே வந்து சேர்கிறார்கள்.

கூத்து ஏன் தட்டில் ஏறவில்லை? ஏற இடம் இல்லை, அதுதான் விஷயம். கட்டியங்காரன் வந்து போகவே அரைமணி ஆகும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமை பாடி முடிக்கும் நேரத்தில் மூன்று ஈ.பி. ஓடி முடிந்திருக்கும். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் கலந்து எழும் சத்தத்தை நாலு நிமிடத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது கூத்தாகாது. ஒரு பக்கத்துக்கு அரைமணியோ முக்கால் மணியோ ஓடும் கேசட் 1980-களில் மலிந்த பிறகுதான் கூத்து ஒலிநாடாவில் ஏறியது. லட்சக்கணக்கில் விற்றால்தான் லாபம் என்ற பெரிய கம்பெனியின் கணக்கு அங்கே இல்லை. நாலு வட்டத்தில் விற்றாலே போதும் என்று உள்ளூர் ஆட்களே பதிவு செய்து பஸ் நிலையக் கடையில் தொங்கவிட்டார்கள். வட இந்தியாவில் இதே மாற்றத்தைப் பார்த்து பீட்டர் மேனுவல் 1993-இல் 'கேசட் கல்ச்சர்' என்று ஒரு புத்தகமே எழுதினார்.

கூத்துக்காவது கேசட் கிடைத்தது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கல்வராயன் மலையின் பாட்டுக்கு அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறும் பாதை வெள்ளிமலைக்குப் போகிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் பேசுவது தமிழ். பெயர் மலையை ஆள்பவர்கள் என்பதால் வந்தது, கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறிய வரலாற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1909-இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி வெளியிட்ட தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. அவர் எழுதி எடுத்துக்கொண்டது கதையை. பாடிய குரலை அல்ல.

மலைக்குத் தட்டு போய்ச் சேராததற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் மலை இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றும், ஜமீன்கள் ஒழிந்தும், இந்த ஜாகீர்கள் 1976 வரை நீடித்தன. ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கும் வெட்டி வேலையும் கூடவே நீடித்தது. அவசர நிலைக் காலத்தில்தான் அரசு ஜாகீர்களைக் கையில் எடுத்தது. கீழே சின்னசேலத்துக் கல்யாண வீட்டில் ஈஸ்வரி பாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், சாலையும் பள்ளியும் பட்டாவும் அப்போதுதான் மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. கம்பெனிக்காரர் கணக்கு எளிது. வாங்க ஆள் இருக்கும் பாட்டைத்தான் தட்டாக்குவார். வெட்டி வேலை செய்தவர் கையில் தட்டு வாங்கக் காசு ஏது? சேலத்துக்கு ஒரு கோதாவரி, உளுந்தூர்பேட்டைக்கு ஒரு சண்முகம் என்று ஊர்கள் லேபிளில் ஏறின. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மலையின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அறிந்த ஒரு பாடகர் எழவில்லை. பொங்கலுக்கும் கோயில் விழாவுக்கும் அங்கே பாட்டும் ஆட்டமும் குறைவில்லாமல் இருந்தும் இதுதான் நிலை. குழாய் மலையேறியபோது அது கீழ்நாட்டுப் பாட்டைத்தான் மேலே கொண்டுபோனது. மேலிருந்து எதையும் கீழே இறக்கவில்லை.

பெயருக்கு வருவோம். காசுக் கணக்கிலும் பாட்டெழுதியவர் நிலை லேபிளில் இருந்த மாதிரியேதான். சினிமாவுக்கு எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தமும் வேப்பமரத்துக் குழாயைத் தொடவில்லை. மதச் சடங்கிலும், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிபரப்புவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. நியாயமான விலக்குதான். ஊர்க் கோயிலில் பிள்ளையார் பாட்டுக்குக் காசு கேட்டு யாரும் வரக் கூடாது. ஆனால் காசு கொடுக்க வேண்டாம் என்ற சட்டம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

மைக் செட் தொழிலும் உருமாறிவிட்டது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூம்புக் குழாய்க்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பெட்டி ஸ்பீக்கரும் டி.ஜே.வும் வந்துவிட்டன. தட்டு போய் கேசட், கேசட் போய் சி.டி., அதுவும் போய் பென் டிரைவ். பென் டிரைவில் லேபிளே கிடையாது. பாட்டின் முதல் இரண்டு சொல்லும் ஒரு எண்ணும்தான் திரையில் ஓடும். பொடி எழுத்தில் இருந்த கவிஞர் பெயர் அதோடு அழிந்து போய்விட்டது. பழைய தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின, சில வீடுகளில் சுவர் அலங்காரம் ஆயின. வரிசை மட்டும் மாறவில்லை. பென் டிரைவிலும் முதல் பாட்டு பிள்ளையாருக்குத்தான், பெரும்பாலும் சீர்காழிதான், எழுதியவர் சண்முகம்தான்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆடியில் முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கி, எழுதியவர் உளுந்தூர்பேட்டை சண்முகம், நம் மாவட்டத்துக்காரர் என்று ஒரு வரி சொல்லுங்கள். மைக் செட் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் பரணில் கிடக்கும் மரப்பெட்டியைத் திறந்து, தட்டுகளை எடைக்குப் போடுமுன் லேபிள்களைப் படம் எடுத்துவையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும். வெள்ளிமலைப் பக்கம் வேலையாகப் போகிறவர்கள், அங்கே வயதான பெண்கள் பாடக் கேட்டால் அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். பாட்டு முடிந்ததும், கௌஹர் ஜான் செய்த மாதிரி, அவர்கள் பெயரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துவையுங்கள்.